வாய் பிளக்கும் பறவைகளும் பழைய மண்ணும்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோழி வளர்ப்பவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அஞ்சிவரும் நோய் ஒன்று உண்டு. குஞ்சு கழுத்தை நீட்டும், அலகை அகலத் திறக்கும், தலையை உதறும், இருமும், சற்று ஓய்ந்து மறுபடியும் வாயைப் பிளக்கும். அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த வீசெந்தால் என்ற மருத்துவர், இந்த நோயில் மடியும் கோழிகளின், வான்கோழிகளின் மூச்சுக்குழாயில் புழுக்கள் இருப்பதை 1799இல் எழுதினார். 1811இல் இங்கிலாந்தின் பறவையியலாளர் ஜார்ஜ் மான்டகு அதே புழுவை அறிவியல் முறைப்படி விவரித்தார். இன்று அதற்கு ‘சின்காமஸ் டிராக்கியா’ என்று பெயர். அன்று தொட்டு, நோய் பண்ணைக்குள் நுழைந்ததும் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது வேலிக்கு வெளியிலிருந்து வரும் காட்டுப் பறவைதான். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் புழு எப்படி வாழ்கிறது என்று கூர்ந்து பார்த்தால், அதை நோயாக்குவது காட்டுப் பறவையின் வருகையைவிட, ஒரே மண்ணில் ஆண்டுக்கணக்கில் பறவைகளை நெருக்கி வளர்க்கும் வழக்கமே என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண் புழு இரண்டு சென்டிமீட்டர் வரை வளரும். ஆண் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஒருமுறை கூடிய ஜோடி பிறகு பிரிவதே இல்லை. ஆணின் உடல் பெண்ணின் உடலோடு ஒட்டியே கிடப்பதால், மூச்சுக்குழாயை அறுத்துப் பார்ப்பவருக்கு உண்டிவில் கவட்டை போன்ற சிவந்த உருவம்தான் தெரியும். இரண்டு தலை கொண்ட ஒரே புழு என்று தொடக்கத்தில் எண்ணியதில் வியப்பில்லை. குழாயின் உட்சுவரைக் கவ்வி ரத்தம் குடித்து வாழும் இந்த ஜோடி இடும் முட்டைகள், சளியோடு தொண்டைக்கு ஏறி, பறவையாலேயே விழுங்கப்பட்டு, எச்சத்தோடு தரைக்கு வருகின்றன. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒன்றிரண்டு வாரங்களில் முட்டைக்குள் தொற்றவல்ல இளம்புழு தயாராகிவிடும். இன்னொரு பறவை அதைக் கொத்தித் தின்றால், குடல் சுவரைத் துளைத்து, ரத்த ஓட்டத்தில் ஏறி நுரையீரலை அடைந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் மூச்சுக்குழாய்க்கு வந்து சேரும். வளர்ந்த பறவையின் அகன்ற குழாயில் சில ஜோடிகள் இருந்தாலும் வெளியே எதுவும் தெரியாது. குஞ்சின் கதை வேறு. அதன் குழாய் மிகக் குறுகியது. சில ஜோடிகளும் அவற்றால் ஊறும் சளியும் சேர்ந்தாலே மூச்சு அடைத்துவிடும். ஆக, புழு இருப்பது ஒன்று, நோய் இருப்பது வேறொன்று. வல்லூறு இனங்களின் காற்றுப்பைகளில் வாழும் ‘செராட்டோஸ்பிக்குலம்’ என்ற வேறொரு புழுவும் இதையே காட்டுகிறது. அரபு நாடுகளில் வேட்டைக்குப் பழக்கிய வல்லூறுகளைச் சோதிக்கும்போது, எந்த நோய்க்குறியும் இல்லாதவற்றிலும் அது கிடைப்பதுண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஒரு சண்டை நடந்தது. ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழியினப் பறவைகளின் வளர்ப்புப் பண்ணைகளில் இந்த நோயை ஆராய்ந்த பிரெஞ்சு கால்நடை மருத்துவர் பியர் மேனியான், முட்டையிலிருந்து நேரடியாகவே தொற்று பரவுகிறது என்றார். அமெரிக்காவில் வாக்கர் என்பவரோ, மண்புழுவைத் தின்பதால்தான் நோய் வருகிறது என்று 1880களில் வாதிட்டார். பின்வந்த சோதனைகள் இரண்டுமே நடக்கின்றன என்று காட்டின. மண்புழு கட்டாயம் இல்லை. ஆனால் இருந்தால் புழுவுக்குக் கொண்டாட்டம்தான். நத்தை, ஈ, வண்டு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். அவற்றின் உடலில் இளம்புழு வளர்வதில்லை, சும்மா காத்திருக்கிறது. மண்புழுவுக்குள் அது மூன்று ஆண்டுகள் வரை உயிரோடு தங்கக்கூடும். என் வாதத்துக்கு ஆணிவேர் இந்த மூன்று ஆண்டுதான். எச்சமிட்ட பறவை பறந்தோ செத்தோ போய்விட்டது. அதற்குப் பின் இரண்டு தலைமுறைக் குஞ்சுகள் வந்து போய்விட்டன. அதே தரையில் மூன்றாவது தலைமுறை தின்னும் மண்புழுவில் பழைய புழு காத்திருக்கிறது.

இனி அந்தக் குற்றச்சாட்டுக்கு வருவோம். நம் மைனாக்களின் உறவான ஸ்டார்லிங், காக இனமான ரூக் முதலிய பறவைகளில் இந்தப் புழு இருப்பது இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே பிரிட்டனில் பதிவாகிவிட்டது. புல்தரையைக் குத்திக் கிளறி இரை தேடும் பறவைகள் இவை. கோழி மேயும் இடத்துக்கும் தயங்காமல் வரும். எனவே ஐயம் எழுந்தது நியாயமே. ஆனால் காட்டுப் பறவையிலிருந்து எடுத்த முட்டைகளை நேரடியாகக் கோழிக்குக் கொடுத்தால் தொற்று அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை. மண்புழு வழியாகப் போனால்தான் நன்றாகப் பிடிக்கிறது என்று ஒட்டுண்ணியியல் பாடநூல்களே சொல்கின்றன. அதாவது காட்டுப் பறவை விதையைக் கொண்டு வரலாம். அதை விளைவிப்பது மண்புழு நிறைந்த, பறவைகள் நெருங்கிய தரைதான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கோழிகளைக் கொட்டகைக்குள் வைத்து வளர்க்கத் தொடங்கியதும் வணிகப் பண்ணைகளில் இந்த நோய் கிட்டத்தட்ட மறைந்துபோனது. காட்டுப் பறவைகளின் தொடர்பை அறுத்ததால்தானே மறைந்தது என்று கேட்கலாம். கேள்வி சரியானது, ஆனால் கொட்டகை காட்டுப் பறவையை மட்டும் விலக்கவில்லை, மண்ணையும் மண்புழுவையும் சேர்த்தே விலக்கியது. இரண்டில் எது காரணம் என்பதை இந்த ஒரு சான்றை வைத்துப் பிரிக்க முடியாது. காட்டுப் பறவைகளும் மண்ணும் இருந்தபடியே இருக்க, வளர்ப்புப் பறவைகளின் நெருக்கம் மட்டும் இடத்துக்கு இடம் மாறும் ஒரு சூழல் வேண்டும்.

பிரிட்டனின் ஃபெசன்ட் வேட்டைக் காடுகள் அப்படிப்பட்டவை. அங்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ஃபெசன்ட்கள் துப்பாக்கி வேட்டைக்கென்றே வளர்த்து வெளியே விடப்படுகின்றன. மூன்று கோடிக்கு மேல் என்பது ஒரு மதிப்பீடு. ஆறு, ஏழு வாரக் குஞ்சுகளை ஜூலை, ஆகஸ்டில் காட்டுக்குள் வேலியிட்ட அடைப்பில் விட்டு, இரையும் தண்ணீரும் கொடுத்து இடத்துக்குப் பழக்குவார்கள். அக்டோபர் முதல் தேதி வேட்டை தொடங்கும். புழுத் தொல்லை கடுமையாக இருப்பது பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு அதே இடத்தில் நிற்கும் அடைப்புகளில்தான். இங்கிலாந்தின் தென்மேற்கில் நடந்து 2015, 2016 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் அடைப்பின் மண்ணையும் பறவைகளையும் சேர்த்தே பார்த்தன. தொற்றிய ஃபெசன்ட்களின் உடல்நிலை தொற்றாதவற்றைவிட நலிந்திருந்தது. அதைவிடச் சுவையான செய்தி, ஒரே பறவைக்குள் புழுக்கள் பெருகப் பெருக ஒவ்வொரு பெண் புழுவின் முட்டை உற்பத்தியும் குறைகிறது என்பது. ஃபெசன்ட்களிலும் கரும் காகங்களிலும் இதைக் கண்டார்கள். இதன் உட்பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். புழு நிறைந்து மூச்சுத் திணறும் ஒரு பறவை அந்த அளவுக்குத் தரையைக் கெடுப்பதில்லை. சில ஜோடிகளைச் சுமந்துகொண்டு நலமாகத் திரியும் நூறு பறவைகள் சேர்ந்து கெடுப்பதே அதிகம். அப்படியானால் எண்ணிக்கையே இங்கே கணக்கு. அந்த எண்ணிக்கையை நிர்ணயிப்பவர் அடைப்புக்குச் சொந்தக்காரர், காகம் அல்ல.

மருந்து இருக்கும்போது மண்ணைப் பற்றி ஏன் கவலை என்பார்கள் சிலர். ஃப்ளூபெண்டசோல் என்ற குடற்புழு மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் புழுக்கள் சாகின்றன என்பது உண்மை. இறகின் ஓரங்களைக் கழித்து, தண்டைக் குஞ்சின் மூச்சுக்குழாய்க்குள் விட்டுச் சுழற்றிப் புழுவை இழுத்தெடுத்த பழைய வைத்தியத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம். ஆனால் தீவனத்தில் போட்ட மருந்து தரையில் கிடக்கும் முட்டையைத் தொடாது. மண்புழுவுக்குள் காத்திருக்கும் இளம்புழுவையும் தொடாது. மருந்து நின்றதும் பறவை அதே இடத்தில் கொத்தத் தொடங்கும். மேலும் நோயுற்ற பறவைதான் முதலில் தீவனத்தை விட்டு ஒதுங்குகிறது. மருந்து மிகவும் தேவைப்படும் வாய்க்குக் குறைவாகப் போகிறது. அடைப்பைச் சுற்றித் திரியும் ரூக்குக்கும் ஸ்டார்லிங்குக்கும் யாரும் மருந்து கொடுக்கப் போவதில்லை. வேட்டைக் காலத்தில் ஃபெசன்ட்களுக்காகக் காட்டில் வைக்கும் தீவனத் தொட்டிகளுக்கு அவையும் வருகின்றன. கெட்ட தரையில் அவையும் இரை பொறுக்குகின்றன. தொற்று வேலிக்கு வெளியிலிருந்து உள்ளே மட்டும் வரவில்லை, உள்ளிருந்து வெளியேயும் போகிறது. இந்தப் பக்கத்தைப் பேசுபவர்கள் குறைவு.

வாயைப் பிளக்கும் பறவைக்கெல்லாம் இந்தப் புழுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரியும் ராணிக்கெட் நோயும் பறவையை அப்படியே நிற்க வைக்கும். எச்சத்தில் முட்டையையோ இறந்த பறவையின் குழாயில் புழுவையோ காணாமல் முடிவு கட்ட முடியாது. கண்ட பிறகு செய்ய வேண்டியது புதிதல்ல: அடைப்பை இடம் மாற்றுவது, அதற்கு வழியில்லை என்றால் பறவைகளைக் குறைப்பது, தீவனத் தொட்டியை ஒரே இடத்தில் நிலைக்க விடாமல் நகர்த்துவது. செலவு என்னவோ முதல் வழியில்தான். காட்டுக்குள் கம்பி வேலி போட்டு, நரி புகாமல் காத்து, தண்ணீர் கொண்டு வந்து அமைத்த அடைப்பை மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து வேறிடத்தில் போட எந்த முதலாளிக்கும் மனம் வருவதில்லை. காகத்தைச் சுடுவதற்கோ ஒரு தோட்டாவின் விலைதான் ஆகும்.