நூறாவது வயதில் ஆட்குறைப்பு

1952-இல் அமெரிக்கப் பிள்ளைகள் அம்மாவிடம் ஓர் உருளைக்கிழங்கு கேட்டு வாங்கி, அதில் பிளாஸ்டிக் கண், மூக்கு, மீசையெல்லாம் குத்தி விளையாடினார்கள். ‘மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட்’ பெட்டியில் அப்போது அந்த உறுப்புகள்தான் இருந்தன. தலை சமையலறையிலிருந்து வரவேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் முதன்முதலாக விளம்பரமான பொம்மை அதுதான். செய்தது ஹாஸ்ப்ரோ. 1923-இல் ரோட் ஐலண்டில் துண்டுத்துணி விற்ற ஹாஸன்ஃபெல்ட் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம்.

2023-இல் அதற்கு நூறு வயது நிறைந்தது. ஜனவரியிலேயே சுமார் 1,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அதில் 800 பேர் போன பிறகு, டிசம்பர் 11 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டே வாரம் இருக்கும்போது, தலைமைச் செயல் அதிகாரி கிறிஸ் காக்ஸ் ஊழியர்களுக்குக் கடிதம் எழுதினார்: இன்னும் 1,100 பேர். முந்தைய ஆண்டு முடிவில் இருந்தவர்களே ஏறக்குறைய 6,500 பேர்தான். இரண்டு சுற்றையும் சேர்த்தால் பத்துக்கு மூன்று பேர் என்ற கணக்கு.

கொரோனா முடக்கத்தில் வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்காகப் பெற்றோர் பொம்மைகளை வாங்கிக் குவித்தார்கள். பிறகு விலைவாசி ஏறியது, விற்பனை சரிந்தது, சரக்கு தேங்கியது. இது சந்தையின் போக்கு. அது ஒரு நிறுவனத்தின் கையில் மட்டும் இல்லை.

ஆனால் இன்னொரு காரணம் நிர்வாகத்தின் மேசையிலேயே பிறந்தது. ‘பெப்பா பிக்’ கார்ட்டூனைக் கையில் வைத்திருந்த இ-ஒன் நிறுவனத்தை 2019-இல் சுமார் 400 கோடி டாலர் கொடுத்து ஹாஸ்ப்ரோ வாங்கியது. நான்கு ஆண்டு கழித்து, பெப்பாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதன் சினிமா, தொலைக்காட்சித் தொழிலை லயன்ஸ்கேட் நிறுவனத்திடம் ஏறத்தாழ 50 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டது. இதில் எழுந்த மதிப்பிழப்பும் சேர்ந்து 2023-இன் நிகர நஷ்டம் கிட்டத்தட்ட 150 கோடி டாலர். அந்தப் பேரத்தைப் பேசி முடித்தவர்கள் பொம்மை வடிவமைப்பாளர்கள் அல்லர்.

நன்றாக ஓடிய பிரிவிலும் வேலை போனதுதான் மனத்தை அறுக்கிறது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை நடத்தும், ஹாஸ்ப்ரோவின் விஸார்ட்ஸ் பிரிவின் வருமானம் அவ்வாண்டு 10 சதவீதம் கூடியது. அந்த ஆட்டத்தை வைத்து பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் உருவாக்கிய ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி விளையாட்டு, காக்ஸின் கடிதத்துக்கு நான்கு நாள் முன்புதான் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வென்றிருந்தது. லேரியன் தலைவர் ஸ்வென் விங்கே வருத்தத்தோடு எழுதினார்: இந்த விளையாட்டுக்காக முதல் கூட்டத்தில் எதிரே அமர்ந்து பேசிய விஸார்ட்ஸ்காரர்களில் அநேகமாக ஒருவரும் இப்போது அங்கே இல்லை.