உள்ளங்கையில் ஒரு போடி ரயில்

கம்பம் பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்குத் திராட்சைத் தோட்டம் தெரியும்; ஏலக்காயின் மணம் தெரியும்; முல்லைப் பெரியாற்றின் ஓட்டம் தெரியும். ரயில் மட்டும் பல ஆண்டுகளாகத் தெரியாமலே இருந்தது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில், அகலப் பாதையாக மாற்றுவதற்கென மதுரை - போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் வண்டி நிறுத்தப்பட்டது. அதன்பின் பிறந்த ஒரு தலைமுறை, ரயிலைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்தது.

அந்தக் குறையே எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு சின்னஞ்சிறு ரயில் பாதை அமையக் காரணமாயிற்று. அந்தப் பொழுதுபோக்கு எனக்குச் சொல்லித் தந்த பாடத்தைச் சமுதாயப் பெற்றோருடன் பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

பூட்டிய அலமாரி

துபாயில் பணிபுரிந்த நண்பர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது மின்சாரத்தில் ஓடும் ஒரு சிறு எஞ்சினையும் நான்கு பெட்டிகளையும் வட்டமான தண்டவாளத்தையும் அன்பளிப்பாகத் தந்தார். பலகையில் பூட்டி ஓட்டிப் பார்த்தேன். சிறுவயதில் அத்தாவின் கைப்பிடித்து ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்த பயணம் நினைவுக்கு வந்தது. அன்று முதல் ஆசை பற்றிக் கொண்டது. மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி வயல் செய்தேன். தெர்மாகோலைச் செதுக்கி மலை அமைத்தேன். விளக்குமாற்றுக் குச்சிகளை நட்டு, மெல்லிய செம்புக் கம்பி இழுத்துத் திராட்சைப் பந்தல் போட்டேன்.

ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் நண்பர்கள் தம் பிள்ளைகளுடன் வருவார்கள். பிள்ளைகள் பார்க்கலாம், தொடக்கூடாது. அதுவே என் சட்டம். ஓட்டி முடித்ததும் எஞ்சின் அலமாரிக்குள் போகும், பூட்டும் விழும்.

2018-இல் ஒரு நாள், நண்பர் ஒருவரின் எட்டு வயது மகன் ஆவல் தாங்காமல் கையை நீட்டினான். எஞ்சின் தடம் புரண்டு தரையில் விழுந்தது. அத்துடன் ஓட்டம் நின்றது. அத்தனை பேர் முன்னிலையில் அவனைக் கடிந்து பேசிவிட்டேன். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. மகனை அழைத்துக்கொண்டு அமைதியாகப் படியிறங்கிப் போனார். அடுத்த வாரமும் வரவில்லை; அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஒரு பொம்மைக்காக இருபது ஆண்டு நட்பில் விரிசல் விழுந்ததே என்ற வேதனை என்னை உறுத்தியது.

நபிவழி நினைவூட்டியது

அப்போது அனஸ் (ரலி) அவர்களின் செய்தி நினைவில் எழுந்தது. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அவர்களை, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூடச் சலித்துக் கொண்டதில்லை. அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் வளர்த்த குருவி இறந்தபோது, அதைப் பற்றி அன்புடன் விசாரித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களுக்கிடையே இறக்கை வைத்த குதிரை ஒன்றைக் கண்டு, குதிரைக்கு இறக்கையா என வினவி, அவர்கள் கூறிய மறுமொழி கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். சமுதாயத்தின் சுமை முழுவதையும் தாங்கிய அப்பெருமகனாருக்குக் குழந்தையின் விளையாட்டுக்கு நேரம் இருந்தது; எனக்குக் குழந்தையின் கைபட்டால் கோபம் வந்தது!

மறுநாளே உடைந்த எஞ்சினை ஒரு துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். சிறுவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டான். "நீ இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியவில்லை, தம்பி" என்றேன். மெல்ல வந்தான். மேல்மூடியைக் கழற்றினோம். மோட்டாருக்குப் போகும் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். நான் ஈயப்பற்று வைத்தேன். அவன் இடுக்கியால் கம்பியைப் பிடித்துக் கொண்டான். சக்கரம் சுழன்றபோது அவன் முகத்தைப் பார்த்த நண்பர் எழுந்து, எனக்குத் தேநீர் கொண்டு வரச் சொன்னார். அன்றுடன் அலமாரிப் பூட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாறும் ஒரு தகப்பனின் அன்பில் வேர்கொண்டதே. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி, தம் பிள்ளைகளுக்காகத் தகடுகளில் துளையிட்டு விளையாட்டுப் பொருள் செய்தார். அதற்கு 1901-இல் காப்புரிமை பெற்றார். அதுவே மெக்கானோ ஆயிற்று. 1920-இல் அவரது பெயரால் பொம்மை ரயில்களும் வந்தன. நம் நாட்டிலும் புனே நகரின் பாவ் ஜோஷி என்ற அன்பர், சிறுவயது முதல் வளர்த்த இதே ஆசையை வீட்டுக்குள் அடைத்து வைக்கவில்லை. கண்காட்சிகள் நடத்திப் பலருக்கும் காட்டினார். 1998-இல் அது சிறு ரயில்களுக்கான அருங்காட்சியகமாகவே மலர்ந்தது.

மேசைமேல் ஒரு பள்ளிக்கூடம்

பிள்ளைகளின் கைக்கு வந்தபின் ரயில் பாடம் நடத்தத் தொடங்கியது. இரு தண்டவாளங்களிலும் 12 வோல்ட் நேர்மின்சாரம் பாய்கிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். நேர், எதிர் முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கிப் போகும். தண்டவாளத்தில் அழுக்குப் படிந்தால் வண்டி நின்றுவிடும். பள்ளியில் மனப்பாடம் செய்த மின்சுற்று, இங்கே கண்ணெதிரில் ஓடியது.

எங்கள் எஞ்சின் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கிப் பார்த்த ஒரு சிறுமி, "மாமா, 1435 வருகிறது, இது மீட்டர்கேஜும் இல்லை, நம் அகலப் பாதையான 1676-உம் இல்லையே!" என்றாள். உண்மைதான், அது ஐரோப்பிய நாடுகளின் அளவு. நம் பழைய போடி வண்டிக்கு ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர் வேண்டும். மதுரை முதல் போடி வரையுள்ள ஏறத்தாழ 90 கிலோமீட்டரை இதே விகிதத்தில் சுருக்கினாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும் என்று அவளே கணக்கிட்டாள். எனவே உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி என நான்கு நிலையங்களோடு நிறுத்திக் கொண்டோம்.

வரலாறும் கூடவே வந்தது. 1928-இல் திறக்கப்பட்ட இப்பாதையின் தண்டவாளங்கள் இரண்டாம் உலகப் போரின்போது பெயர்க்கப்பட்டன. 1950-களில் மீண்டும் போடப்பட்டன. அதற்கும் முன்பு மலைமேல் மூணாற்றில் ஒரு குறும்பாதை ரயில் ஓடியது. அதில் வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறங்கின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்துவிட்டது.

ஹிஜாஸ் ரயிலின் கதையைச் சொன்ன நாளில் பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். 1900-இல் உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் தொடங்கிய அப்பணிக்கு உலக முஸ்லிம்கள் நன்கொடை அளித்தனர். இந்திய முஸ்லிம்களும் அதில் பங்கு கொண்டனர். திமிஷ்கிலிருந்து புறப்பட்ட பாதை 1908-இல் மதீனாவை எட்டியது. அதன் அகலம் 1050 மில்லிமீட்டர். நம் போடி வண்டியின் பாதைக்கு அது அண்ணன் முறை!

அமானிதமான டோக்கன்

நான் மிகவும் மகிழ்வது டோக்கன் விளையாட்டைக் கண்டுதான். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிடாமலிருக்க, டோக்கனைக் கையில் வைத்திருக்கும் வண்டி மட்டுமே புறப்படலாம் என்பது பழைய ரயில்வேயின் ஏற்பாடு. நாங்கள் ஒரு மரப்பந்தை டோக்கனாக்கினோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிலைய அதிபர். பந்து தன் கைக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். வந்தபின் தாமதமின்றி அடுத்தவருக்குச் சேர்ப்பிக்க வேண்டும். அமானிதம் என்ற சொல்லின் பொருளை இதைவிட எளிதாக எப்படி விளக்குவது? மஃரிப் பாங்கு ஒலித்ததும் பந்தை வைத்திருப்பவரே மின்விசையை நிறுத்துவார். அதிலும் போட்டிதான்!

சில நெறிகளையும் வகுத்துக் கொண்டோம். இழுக்கும் வயதுக் குழந்தைகள் வாயில் போட்டுவிடாதபடி சிறு பாகங்கள் எட்டாத உயரத்தில் இருக்கும். சுவர் மின்சாரத்தைப் பெரியவர்களே கையாள்வோம். வீண்விரயம் கூடாது என்பதால் புதுப் பெட்டிகளை அட்டையில் பிள்ளைகளே செய்கிறார்கள். மனித உருவங்கள் வைக்கலாமா என்று நண்பர்களிடையே கருத்து வேறுபட்டது. ஒருவர் மனமும் நோகாமல் நடைமேடையில் திராட்சைக் கூடைகளையும் ஏலக்காய் மூட்டைகளையும் வைத்தோம்.

நிஜ ரயில் வந்தது

2022 மே 27 முதல் தேனிக்கு அகலப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனோம். மதுரையிலிருந்து வந்த வண்டியைக் கூட்டம் ஆரவாரத்துடன் பார்த்து நின்றது. எஞ்சினை உடைத்த அந்தச் சிறுவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவன் எஞ்சினைப் பார்க்கவில்லை. கடைசிப் பெட்டியில் நின்ற கார்டையே பார்த்துக் கொண்டிருந்தான். வண்டி திரும்பிப் புறப்பட்டபோது, "பச்சைக்கொடி காட்டிவிட்டார், மாமா" என்று என் காதருகே சொன்னான். 2023 ஜூன் 15 முதல் போடிக்கும் ரயில் சென்றது.

கம்பத்துக்கு மட்டும் இன்னும் இருப்புப்பாதை இல்லை. அது இப்பள்ளத்தாக்கு மக்களின் நெடுநாள் கோரிக்கையாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் மாடியறையில் பிள்ளைகள் காத்திருக்கவில்லை. என்னிடம் கேளாமலே தேனியிலிருந்து ஒரு கிளைப் பாதை போட்டு, திராட்சைப் பந்தலின் ஓரத்தில் மஞ்சள் அட்டையில் 'கம்பம்' என்று கறுப்பு மையால் எழுதி நட்டு வைத்திருந்தார்கள்.

அலமாரியைப் பூட்டியே வைத்திருந்தால் என்னிடம் கீறல் படாத ஓர் எஞ்சின் இருந்திருக்கும். இப்போது கீறல்கள் நிறைந்த எஞ்சினும், ஞாயிறுதோறும் படியேறி வரும் நண்பர்களும், மாமா என்றழைக்கும் ஏழு பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லாப் புகழும் இறைவனுக்கே!