துருவக் கடல்களில் தாவர மிதவையுயிரிகளின் வேறுபாடு: லோஹாஃபெக்ஸ் ஆய்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

துருவக் கடல்களில் தாவர மிதவையுயிரிகளின் இனத்தொகுதி இடத்துக்கு இடம் வேறுபடுவதற்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. இந்தியாவும் ஜெர்மனியும் 2009-இல் தென்பெருங்கடலில் இணைந்து நிகழ்த்திய லோஹாஃபெக்ஸ் ஆய்வு இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தாவர மிதவையுயிரிகள், டையாட்டம், இரும்புச்சத்து, சிலிக்கேட், தென்பெருங்கடல்

முன்னுரை

தென்னையும் மலர்ச்செடிகளும் பயிராகும் கீரமங்கலம் பகுதியில் தழைச்சத்தை எவ்வளவு இட்டாலும், மண்ணில் நுண்ணூட்டம் ஒன்று குறைந்தால் விளைச்சல் அக்குறையின் அளவிலேயே நின்றுவிடும். லீபிக்கின் பெயரால் வழங்கும் இக்குறைம விதி கடலுக்கும் பொருந்தும். கடலின் பயிர், கண்ணுக்குப் புலனாகாத தாவர மிதவையுயிரிகளே. உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இவற்றால் நிகழ்கிறது.

இரு துருவங்கள், இரு குறைகள்

ஆர்க்டிக் பெருங்கடல் நிலத்தால் சூழப்பட்டது. பேராறுகளின் நீரும் உருகிய பனிநீரும் உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதப்பதால், ஆழத்திலுள்ள நைட்ரேட் எளிதில் மேலெழுவதில்லை. ஆகவே கோடையில் அங்குப் பல பகுதிகளில் நைட்ரஜனே குறைபடுகிறது. இந்நிலை மைக்ரோமோனாஸ் போன்ற மிகச்சிறு உயிரிகளுக்குச் சாதகமாகும். உடற்பருமனை நோக்கப் புறப்பரப்பு மிகுதியாதலால், அவை குறைந்த ஊட்டத்தையும் உறிஞ்ச வல்லவை.

தென்பெருங்கடலின் நிலை இதற்கு மாறானது. அங்கு ஆழநீர் மேலெழுவதால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுதி. எனினும், நிலத்தின் புழுதி அரிதாகவே சென்றடைவதால் இரும்புச்சத்து மிகக் குறைவு.

ஒரே கடலினுள்ளும் வேறுபாடு உண்டு. ராஸ் கடலில் பனி உருகி மேலடுக்கு ஆழமற்றிருக்கும் இடங்களில் டையாட்டங்கள் ஓங்குகின்றன. நீர் ஆழமாகக் கலந்து ஒளி மங்கும் இடங்களில் ஃபியோசிஸ்டிஸ் அண்டார்க்டிகா ஓங்குகிறது.

லோஹாஃபெக்ஸ் காட்டிய உண்மை

இரும்பை இட்டு மிதவையுயிரிகளைப் பெருக்கினால், அவை கரியமிலவாயுவை உட்கொண்டு கடலடிக்குக் கொண்டுசெல்லுமா என்பது காலநிலை விவாதத்தின் முக்கிய வினா. 2004-இல் நடந்த ஐஃபெக்ஸ் ஆய்வு நம்பிக்கை அளித்தது. அதில் இரும்பால் பெருகிய டையாட்டங்கள் திரண்டு, பெருமளவு கரிமத்துடன் 1000 மீட்டருக்குக் கீழே மூழ்கின.

2009-இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகெனர் நிறுவனமும் போலார்ஸ்டெர்ன் கப்பலில் சென்று, தென் அட்லாண்டிக்கில் சுமார் 300 சதுர கி.மீ. பரப்பில் இரும்பு சல்பேட்டை இட்டன. மிதவையுயிரிகள் பெருகின; ஆனால் டையாட்டங்கள் பெருகவில்லை. தம் ஓட்டைக் கட்ட அவற்றுக்குச் சிலிக்கேட் தேவை. அந்நீரில் அது ஏற்கெனவே தீர்ந்திருந்தது. ஓடற்ற சிறு உயிரிகளே மிகுந்தன. அவற்றைத் துடுப்புக்காலிகள் மேய்ந்தன. துடுப்புக்காலிகளை ஆம்பிபாட் வகை உயிரிகள் இரையாக்கின. உட்கொள்ளப்பட்ட கரிமத்தில் சிறுபகுதியே ஆழத்தை அடைந்தது.

முடிவுரை

ஒரு குறையை நீக்கியதும் அடுத்த குறை எல்லையாகிறது என்பதை இவ்வாய்வு மெய்ப்பித்தது. எவ்வளவு மிதவையுயிரி பெருகியது என்பதைவிட எந்த இனம் பெருகியது என்பதே கரிமத்தின் போக்கைத் தீர்மானிக்கிறது. பசுமைப் பரப்பை மட்டும் செயற்கைக்கோளால் அளந்து கரிம வரவைக் கணக்கிடுவது பிழையாகலாம். கடலுக்கு உரமிடும் திட்டங்களை மதிப்பிடுவோர் இரும்பின் அளவுடன் சிலிக்கேட், ஒளி, மேய்ச்சல் ஆகியவற்றையும் ஒருங்கே கருதுதல் வேண்டும்.