குறட்டையும் உடன் உறங்குபவரும்

குறட்டை என்பது உறக்கத்தில் மூச்சுப் பாதை குறுகுவதால் எழும் ஒலியாகும். பல வீடுகளில் இது கேலிக்கும் சண்டைக்கும் உரியதாகவே பார்க்கப்படுகிறது. ஆனால் குறட்டை விடுபவர் தம் குறட்டையை அறிவதில்லை. அருகில் படுத்திருக்கும் கணவனோ மனைவியோதான் அதைக் கேட்கிறார். ஆகவே குறட்டைக்குப் பின்னால் நோய் இருந்தால் அதை முதலில் கண்டறியக்கூடியவரும் அவரே.

உண்டாகும் விதம்

உறங்கும்போது நாக்கு, உள்நாக்கு, தொண்டைத் தசைகள் ஆகியவை தளர்கின்றன. குறுகிய வழியே காற்று செல்லும்போது அத்தசைகள் அதிர்ந்து ஒலி எழுகிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னோக்கிச் சரிவதால் ஒலி கூடும். உடல் பருமன், மூக்கடைப்பு, புகைப்பழக்கம், மது, தூக்க மாத்திரை ஆகியவையும் காரணங்களாகும்.

மூச்சுத்தடை

எல்லாக் குறட்டையும் நோயன்று. பலத்த குறட்டை திடீரென நின்று, சிறிது நேர அமைதிக்குப் பின் திணறலுடன் மீண்டும் தொடங்கினால் அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். இதில் மூச்சு 10 நொடியோ அதற்கு மேலோ தடைப்படுகிறது. மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 முறைக்குக் குறைவாக இருப்பது இயல்பு. 30 முறையோ அதற்கு மேலோ என்றால் கடுமையான நிலை. ஒவ்வொரு முறையும் உறக்கம் கலைந்தாலும் காலையில் அது நினைவில் இருப்பதில்லை. காலைத் தலைவலி, பகல் உறக்கம், உயர் இரத்த அழுத்தம் ஆகியவை இதனுடன் காணப்படும்.

சேலம், நாமக்கல் பகுதியில்

நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர் பெற்றவை. இத்தொழில்களில் உள்ளோர் பல நாள்கள் வெளிமாநிலங்களில் தங்குவதால் வீட்டில் உள்ளவர்கள் அவர்களின் உறக்கத்தைக் கவனிக்க வாய்ப்புக் குறைவு. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் இரவு வேலை செய்வோர் பகலில் தனியே உறங்குகின்றனர். மூச்சுத்தடை உள்ள ஓட்டுநர் வண்டி ஓட்டும்போதே கண்ணயர்ந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே லாரியில் உடன் செல்லும் மாற்று ஓட்டுநரோ கிளீனரோ சொல்வதும் இங்கு முக்கியமாகும்.

உடன் உறங்குபவர் செய்யத்தக்கவை

ஒருக்களித்துப் படுக்கச் செய்தல், இரவில் மதுவைத் தவிர்க்கச் சொல்லுதல், எடையைக் குறைக்கத் துணைநிற்றல் ஆகியவை எளிய வழிகள். உடன் உறங்குபவரின் உறக்கமும் கெடுவதால் அவருக்கும் பகலில் சோர்வும் எரிச்சலும் உண்டாகும். அதற்காகத் தனி அறையில் படுப்பது தவறன்று. ஆனால் அதன்பின் மூச்சு நிற்பதைக் கவனிக்க ஆளிருக்காது. அதற்கு முன்பே கைப்பேசியில் சில நிமிடங்கள் காணொளி எடுத்து மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

மருத்துவம்

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ அணுகலாம். ஓர் இரவு முழுவதும் மூச்சு, இதயத் துடிப்பு, இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பதிவுசெய்யும் உறக்க ஆய்வின் மூலம் நோய் உறுதி செய்யப்படுகிறது. முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சீபேப் கருவி முதன்மையான சிகிச்சையாகும். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981இல் இம்முறையை வெளியிட்டனர். கருவியை ஒழுங்காகப் பயன்படுத்தும்போது குறட்டையும் அடங்குவதால் உடன் உறங்குபவருக்கும் நல்ல உறக்கம் கிடைக்கிறது.