மிதிவண்டியின் கழுத்து



மிதிவண்டியைப் பற்றிப் பேசவேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, அதன் எந்த உறுப்பைப் பற்றிப் பேசுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். சங்கிலி, சக்கரம், பிரேக் ஆகியவற்றைக் குறித்து உங்களில் பலர் எனக்கே பாடம் சொல்லக்கூடும். ஆகவே அவற்றை விட்டு, கைப்பிடிக்குச் சற்றுக் கீழே இருக்கும் கழுத்தை எடுத்துக்கொண்டேன். கடைக்காரர்கள் அதனை 'ஹெட் செட்' என்பார்கள். அது கெடும்வரை அப்படி ஓர் உறுப்பு இருப்பதே நம் நினைவுக்கு வருவதில்லை.

என் நினைவுக்கு அது வந்தது வெள்ளாற்றுப் பாலத்தின்மேல். ஆசிரியர் பயிற்சி முடித்திருந்த புதிது, 1980களின் முற்பகுதி. என் தந்தையார் வைத்திருந்த பழைய ராலி வண்டியில் கடலூர் மஞ்சகுப்பத்திலிருந்து சிதம்பரத்துக்குப் புறப்பட்டேன். ஏறத்தாழ 45 கிலோமீட்டர். முதல்நாள் மாலை ஒரு கடையில், கழுத்து ஆடுகிறது என்று சொல்லி இறுக்கித் தரக் கேட்டிருந்தேன். இறுக்கித் தந்தார்கள். வழியெல்லாம் வண்டி குடித்தவன் நடப்பதுபோல இப்பக்கமும் அப்பக்கமும் வளைந்து வளைந்து சென்றது. காற்றின் குற்றம் என்று நினைத்தேன். பாலத்தின்மேல் பின்னாலிருந்து பேருந்தின் ஒலி கேட்டு இடப்பக்கம் ஒதுங்க முயன்றபோது கைப்பிடி முதலில் அசைய மறுத்தது. பிறகு அளவுக்கு மீறித் திரும்பிவிட்டது. கைப்பிடிச் சுவரில் மோதி விழுந்தேன். முன்பல் ஒன்று பாதி உடைந்தது; இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

இறுக்கமான கழுத்து ஏன் ஆளைத் தள்ளுகிறது? மிதிவண்டி நேராகச் செல்வதாக நமக்குத் தோன்றுகிறதே ஒழிய, அது ஒருபோதும் நேராகச் செல்வதில்லை. சற்றே இடப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பி வண்டியைச் சாய்வுக்குக் கீழே கொண்டுவந்து தாங்குகிறது, மறுகணம் வலப்பக்கம். இந்தச் சிறு திருத்தங்கள் இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கின்றன. ஈர மண்ணில் உங்கள் முன்சக்கரம் விட்டுச்செல்லும் தடத்தைப் பாருங்கள். அது மெல்லிய அலைபோல இருக்கும். டேவிட் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர், ஓட்டவே முடியாத மிதிவண்டி ஒன்றைச் செய்துபார்க்க முயன்று, 1970இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சுழலும் சக்கரத்தின் விசையே வண்டியை நிறுத்துகிறது என்ற பழைய நம்பிக்கையைச் சோதிக்க, முன்சக்கரத்தின் அருகில் எதிர்ப்பக்கமாகச் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தினார். அவ்விசை ஒழிந்த பின்னும் வண்டியை எளிதாகவே ஓட்ட முடிந்தது. வண்டியின் சமநிலைக்குப் பல காரணங்கள் கூடி உழைக்கின்றன. இன்றும் அறிஞர்கள் அதைப் பற்றி ஆராய்கிறார்கள். எந்தக் காரணமாயினும் முன்சக்கரம் தடையின்றித் திரும்பினால்தான் அது வேலை செய்யும். கழுத்தைப் பிடித்துவிட்டால் திருத்தம் காலந்தாழ்ந்து வருகிறது. வரும்போது மிகையாக வருகிறது. பாலத்தில் எனக்கு நேர்ந்தது இதுவே.

இனி கழுத்தின் அமைப்பைக் காண்போம். சட்டத்தின் முன்னால் நிற்கும் குட்டையான குழாயின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் ஒவ்வோர் எஃகுக் கிண்ணம் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தண்டு அக்குழாயினுள் கீழிருந்து மேலாகச் செல்கிறது. கீழ்க் கிண்ணத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு வரிசை எஃகுக் குண்டுகள். மேலே இன்னொரு வரிசை. இவற்றைக் கடையில் 'பால்ஸ்' என்று கேட்டால் தருவார்கள். பெரும்பாலும் 5/32 அங்குலம், அதாவது நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேல் குண்டுகளின்மீது, ஃபோர்க் தண்டின் மரையில் திருகி இறங்கும் ஒரு வளையம் அமர்கிறது. அதை மேல் ரேஸ் என்போம். அதன்மேல் ஒரு வாஷர். அதற்கும் மேலே எல்லாவற்றையும் பூட்டும் செக் நட். மேல் ரேஸை இறக்கினால் கழுத்து இறுகும், ஏற்றினால் தளரும். இவ்வளவே இயந்திரம்.

இவ்வளவு எளிதானதற்குத் தனிக் கருவி எதற்கு என்று கேட்பீர்கள். மேல் ரேஸும் செக் நட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்பவை. ரேஸின் உயரமோ மிகக் குறைவு. சாதாரண ஸ்பானரின் தடித்த வாய் அந்த இடைவெளியில் நுழையாது. பழைய வண்டிகள் சிலவற்றில் ரேஸுக்குத் தட்டை முகங்களே இரா. விரலால் பிடிக்கச் சொரசொரப்பான வரிகள் மட்டும் இருக்கும். வேறு சிலவற்றில் விளிம்பில் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். அவற்றுக்குக் கொக்கிபோல் வளைந்த ஸ்பானர் வேண்டும். அஃது இல்லாதவர் என்ன செய்கிறார்? பள்ளத்தில் வெட்டிரும்பை வைத்துச் சுத்தியலால் தட்டுகிறார். ரேஸ் திரும்பத்தான் செய்கிறது. எவ்வளவு திரும்பியது என்பது அவருக்கும் தெரியாது, கடவுளுக்குத்தான் தெரியும்.

நான் பல்லைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளியபடி சிதம்பரம் சேர்ந்தேன். கீழ வீதிக்கு அருகில் முதியவர் ஒருவரின் சிறிய கடையில் வண்டியை நிறுத்தினேன். அவர் முதலில் என் வாய்க்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு கழுத்தைத் துணியால் துடைத்து, வெட்டிரும்பின் காயங்களைக் காட்டினார். "வாத்தியாரய்யா, இதுக்குன்னு ஒரு ஸ்பானர் இருக்கு. அது கையில இல்லேன்னா, இல்லேன்னு சொல்லி அனுப்பிடணும்" என்றார். தகரப் பெட்டியைத் திறந்து, இரண்டு அணா நாணயத்தின் பருமன்கூட இருக்குமோ என்று ஐயுறத்தக்க மெல்லிய ஸ்பானர் ஒன்றை எடுத்தார். அன்று அவரிடம் நான் கற்றதைத்தான், பின்னர் நூல்களில் படித்தறிந்த விளக்கங்களோடு சேர்த்து, இங்குச் சொல்கிறேன்.

அவர் முதலில் ஒரு செயலைச் செய்யாமல் விட்டார். புது நட் ஒன்றை எடுத்துப் போட்டுவிடவில்லை. மரையை உற்றுப் பார்த்தார். பழைய மிதிவண்டிகளில் இங்கேதான் வழுக்குப் பாறை. ஃபோர்க் தண்டின் விட்டம் பெரும்பாலும் ஓர் அங்குலம். பரவலான தர அளவின்படி ஓர் அங்குல நீளத்துக்கு 24 மரைகள். நாட்டிங்காமில் செய்யப்பட்ட ராலி வண்டிகளிலோ, நெடுங்காலமாக 26 மரைகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. 24 மரை நட்டை 26 மரைத் தண்டில் வைத்தால் ஒரு சுற்று, இரண்டு சுற்று இறங்கும், பிறகு பிடிக்கும். துருதான் காரணம் என்று நினைத்து ஸ்பானரை ஊன்றினால் தண்டின் மரை அழிந்துபோகும். பிறகு ஃபோர்க்கையே மாற்றவேண்டும். உங்கள் கணக்குப் பெட்டியிலுள்ள அளவுகோலே இதற்குப் போதும். பத்து மரைகளின் நீளத்தை அளந்துபாருங்கள். 24 மரையாயின் ஏறத்தாழ 10.6 மில்லிமீட்டர், 26 ஆயின் 9.8. ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கண் காணும்.

அடுத்தது பூட்டும் முறை. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் கருவி உள்ளவர்களும் இதில் தவறுகிறார்கள். மேல் ரேஸைக் கையாலேயே திருகி, குண்டுகளைத் தொடும்வரை இறக்குங்கள். பிறகு அரைக்கால் சுற்று திருப்பி எடுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு ரேஸ் ஒரு மில்லிமீட்டர் நகர்கிறதென்றால், அரைக்கால் சுற்றுக்கு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. இப்போது கழுத்து மிகச் சிறிதளவு ஆடும். ஆடட்டும். வாஷரை வைத்து, ரேஸை மெல்லிய ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, செக் நட்டை இறுக்குங்கள். ஆட்டம் நின்றுவிடும். ஏன்? எந்த மரைக்கும் அதன் நட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. அதுவரை ரேஸ் குண்டுகளால் மேல்நோக்கித் தள்ளப்பட்டு மரையின் ஒரு பக்கத்தில் சாய்ந்திருந்தது. செக் நட் அழுத்தியதும் அது கீழ்ப்பக்கம் சாய்கிறது. அந்த இடைவெளியளவு கழுத்து இறுகுகிறது. ஆகவே பூட்டுமுன்பே ஆட்டமில்லாமல் வைத்தவர், பூட்டிய பின் இறுக்கத்தைப் பெறுவார். ஒரே முயற்சியில் சரியாக அமைவது அரிது. அந்த முதியவரே மூன்று முறை தளர்த்தி இறுக்கினார்.

வாஷரின் உள்விளிம்பில் ஒரு சிறு நாக்கு இருக்கும்; அது தண்டிலுள்ள வரிப்பள்ளத்தில் அமரும். செக் நட்டின் சுழற்சி ரேஸுக்குப் போய்ச் சேராமல் தடுப்பது அந்த நாக்கு. அது தேய்ந்துவிட்டால் மேலே இறுக்க இறுக்க ரேஸும் கூடவே இறங்கும். பழைய வண்டிகளில் விளக்கு மாட்டும் இரும்புத் தாங்கியும் செக் நட்டுக்குக் கீழேதான் இருக்கும். இப்போது யார் விளக்கு மாட்டுகிறார்கள் என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அதன் பருமன் குறைந்ததும் செக் நட் தண்டின் தலையில் போய் முட்டிக்கொள்ளும்; கைக்கு இறுகியதுபோலத் தோன்றும்; உள்ளே எதுவும் பூட்டப்பட்டிராது. சில நாளில் கழுத்து மீண்டும் ஆடும். எறிந்த தாங்கியின் பருமனுக்கு ஒரு வாஷர் போட்டால் தீரும் நோய் அது.

சோதிக்கும் முறை எளிது. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். மற்றொரு கையின் விரலைக் கிண்ணமும் ரேஸும் சேரும் இடத்தில் வையுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் தளர்வு. பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வண்டியைச் சற்றே ஒரு பக்கம் சாயுங்கள்; கைப்பிடி தானாகவே அப்பக்கம் விழவேண்டும். விழாவிட்டால் இறுக்கம்.

விழும் வழியில் நடுவில் ஓரிடத்தில் மட்டும் சிக்கி நின்றால், அது வேறு நோய். ரேஸில் குண்டுகளின் வரிசையில் சிறு குழிகள் விழுந்திருக்கின்றன என்று பொருள். உலோகத்தின்மேல் கடினமான குண்டை அழுத்தி, குழியின் அளவைக்கொண்டு அதன் கடினத்தை அறியும் முறையைச் சுவீடன் நாட்டுப் பொறியாளர் பிரினெல் 1900இல் வெளியிட்டார். அவர் பெயரால் இக்குழிகளையும் அழைப்பதுண்டு. மேடுபள்ளத்தின் அடியே இக்குழிகளை உண்டாக்குகிறது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். அடியைவிடத் தேய்வே பெரிய காரணம். நேர்ச்சாலையில் செல்லும்போது குண்டுகள் உருளாமல் ஒரே இடத்தில் நுண்ணியதாக அதிர்கின்றன. கிரீஸ் பிதுங்கி வெளியேறுகிறது. எஃகு எஃகை உராய்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் தளர்த்தினாலும் இந்நோய் போகாது. புது ரேஸ் வேண்டும். கிடைக்கும்வரை ஓர் உபாயம் உண்டு. வளையத்தில் கோத்த குண்டுகளாயின் அவற்றை எடுத்துவிட்டு உதிரிக் குண்டுகளை நிரப்பி, ஓடுவதற்கு இடமாக ஒன்றைக் குறைத்துவிடுங்கள். குண்டுகளின் இடைவெளி மாறுவதால் எல்லாம் ஒரே நேரத்தில் பழைய குழிகளில் விழா.

நம் பகுதிக்கே உரிய தொல்லையும் ஒன்றுண்டு. கடலூர் முதுநகரின் உப்புக்காற்று எந்தக் கழுத்தையும் விடாது. 2015 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் பலரின் வண்டிகள், அரசு விலையில்லாமல் தந்தவை, கைப்பிடி திரும்பாமல் நின்றன. பெற்றோர் சிலர் பழைய இரும்புக்குப் போடப் புறப்பட்டுவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் கீழ்க் கிண்ணத்தில் கிரீஸும் சேறும் கலந்து களியாகி, அதற்கடியில் துரு. மண்ணெண்ணெயில் கழுவி, குண்டுகளை மாற்றி, புதுக் கிரீஸ் இட்டதும் பெரும்பாலானவை ஓடின. சில ரூபாய்ச் செலவு. ஒரு பிற்பகல் வேலை. அவ்வண்டிகள் இல்லாவிட்டால் அப்பிள்ளைகள் பள்ளிக்கு நடந்திருக்கவேண்டும். பெண்பிள்ளைகள் சிலரை வீட்டார் அனுப்பாமலும் இருந்திருப்பார்கள்.

தனிக் கருவி கிடைக்காத ஊரில் என்ன செய்வது? வரிபோட்ட ரேஸைப் பழைய டியூப் துண்டைச் சுற்றிக் கையாலேயே பிடிக்கலாம். கிண்ணத்தைப் பொருத்த, நீண்ட போல்ட் ஒன்றும் தடித்த வாஷர்கள் இரண்டும் போதும். குழாயினூடே போல்ட்டைச் செலுத்தி இரு முனையிலும் நட்டை இறுக்கினால் கிண்ணங்கள் நேராக ஏறி அமரும். சுத்தியலால் அடித்தால் கோணலாக ஏறும். மெல்லிய ஸ்பானருக்கு மட்டும் மாற்று இல்லை. தடித்த ஸ்பானர் ஒன்றை வாங்கிப் பட்டறையில் இருபுறமும் சாணை பிடித்து மெலிதாக்கச் சொல்லுங்கள். நான் என்னுடையதை அப்படித்தான் செய்துகொண்டேன். சாணை பிடிக்கும்போது இரும்பு நீலநிறமாகச் சூடேறாதபடி இடையிடையே தண்ணீரில் நனைக்கவேண்டும். இல்லையேல் அதன் கடினம் போய், வாய் விரிந்துவிடும்.

புதிதாகச் சரிசெய்த கழுத்து முதல் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒருமுறை தளரக்கூடும். சிதம்பரம்வரை செல்பவர்கள் அங்கே இறங்கியதும் முன்பிரேக்கைப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.