மீட்டரிலிருந்து தொடங்குவோம்: வீட்டில் நாணயம் அகழ எந்தக் கணினி?

எங்கள் நானா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில் வீட்டில் ஒரே பேச்சு 'மைனிங்' தான். புதிதாக ஒரு கிரிப்டோ நாணயம் வந்திருக்கிறது, தொடக்கத்திலேயே இறங்கினால் நிறையச் சேர்க்கலாம், அதற்கு இரண்டு கிராபிக்ஸ் அட்டைகள் வேண்டும் என்று சொல்லி, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விலை விசாரித்துக்கொண்டு வந்தார். காசு கேட்டது உம்மாவிடம். உம்மாவிடம் இருந்ததோ என் மேற்படிப்புக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. வாப்பா கோபிக்கவில்லை. மின்கட்டணப் பட்டியலை எடுத்து மேசையில் வைத்து, "மகன், இது மாசம் எத்தனை யூனிட் எடுக்கும்?" என்று மட்டும் கேட்டார். நானாவிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடப்போய் நானும் சேர்ந்து கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

பிட்கொயின் போன்ற நாணயங்களுக்கு வங்கி கிடையாது. கொடுக்கல் வாங்கல்களைப் பதியும் பேரேட்டை உலகெங்கும் உள்ள கணினிகளே வைத்திருக்கின்றன. அந்தப் பேரேட்டின் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை, ஒரு புதிரை முதலில் அவிழ்க்கும் கணினிக்கு. அது மூளைக்கணக்கு அல்ல. இலக்கப் பூட்டுப் போட்ட பயணப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இலக்கம் மறந்துவிட்டால் 000, 001, 002 என்று திருகிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கணினி அதையே விநாடிக்குக் கோடிக்கணக்கான தடவை செய்கிறது. திறந்தவருக்குப் புதிய நாணயம் பரிசு. 2009 இல் பிட்கொயின் தொடங்கியபோது அந்தப் பரிசு 50; ஏறத்தாழ நான்கு வருடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து 2024 ஏப்ரலில் 3.125 ஆனது. திருகுபவர்கள் கூடக் கூடப் பூட்டும் தானாகவே கடினமாகும்.

எந்தப் பூட்டு என்பதைப் பொறுத்தே வன்பொருள் அமையும். பிட்கொயினின் பூட்டுக்கு அதற்கென்றே வார்த்த 'ஏசிக்' இயந்திரங்கள் 2013 அளவில் வந்துவிட்டன. வீட்டுக் கணினிக்கு அங்கே இனி இடமில்லை. மொனேரோ 2019 இல் தன் பூட்டை மாற்றியது. சாதாரண கணினியின் முறைவழியாக்கிக்கே அதில் வாய்ப்பு அதிகம். 2021 இல் வந்த சியா, வன்தட்டின் கொள்ளளவைக் கேட்டது. புதிதாக வரும் நாணயங்களில் பல கிராபிக்ஸ் அட்டைக்கு ஏற்றவை. நானா அட்டை கேட்டதும் அதனால்தான்.

இனி வாப்பாவின் கேள்விக்கு வருவோம். 1000 வாற்றுக் கருவி ஒரு மணித்தியாலம் ஓடினால் ஓர் அலகு. நாங்கள் செருகியில் பொருத்தும் சிறிய மின்மானி ஒன்றை இரவல் வாங்கி, வீட்டில் ஏற்கெனவே இருந்த ஓர் அட்டைக் கணினியை ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்தோம். அது இழுத்தது 180 வாற்று. ஒரு குமிழ் மின்விசிறி போலத்தான் தோன்றும். ஆனால் அகழும் கணினிக்கு இரவு கிடையாது: நாளுக்கு 4.32 அலகு, மாதத்துக்கு 130 அலகு. எங்கள் வீட்டின் வழமையான பாவனை 104 அலகு. இரண்டையும் கூட்டினால் 234.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60, 90, 120, 180 என்று கோடுகள் உண்டு. மேலே போகப் போக அலகின் விலையும் மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். அகழும் அலகுகள் முழுக்க மேற்படிகளிலேயே போய் விழும். ஆகவே மொத்தப் பட்டியலை அலகால் வகுத்துச் சராசரி பார்க்காமல், கடைசிப் படியின் விலையால் பெருக்கிப் பாருங்கள். விளங்குவதற்காக அதை 60 ரூபா என்று வைத்தால், 130 அலகுக்கு 7,800 ரூபா. நாணயம் வந்தாலும் வராவிட்டாலும் பட்டியல் வரும்.

ஏசிக் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. 3,250 வாற்று இயந்திரம் நமது 230 வோல்ற்று மின்னில் 14 அம்பியருக்கு மேல் இழுக்கும். சுவரில் உள்ள சதுர முள் செருகி தாங்குவது 13 அம்பியர். ஆகவே அதற்குத் தனி வயரிங் வேண்டும். மாதம் 2,340 அலகு. சத்தமோ அடுத்த மாடிவீட்டாரும் தூங்க முடியாத சத்தம். வெள்ளவத்தை மாடிக்குடியிருப்புகளுக்கு இது உதவாது என்பதே என் முடிவு.

அட்டையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வேகத்தை மட்டும் பார்க்காமல், ஒரு வாற்றுக்கு எவ்வளவு வேகம் என்று பாருங்கள். மின்வழங்கியை முழுக் கொள்ளளவுக்கு ஓட்டாமல் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் வையுங்கள். இரவில் சூடாகி எரிவது பெரும்பாலும் மலிவான மின்வழங்கிதான். மரைன் டிரைவ் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று இன்னொரு எதிரி. யன்னலோரம் வைத்த கணினியில் திருகாணிகள் துருப்பிடிப்பதைக் கண்டிருப்பீர்கள். அட்டையின் செம்புக்கும் அதே கதிதான். பழைய அட்டை வாங்குவதானால் உத்தரவாதம் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள்.

புதிய நாணயத்தின் உண்மையான ஆபத்து வேறு. எதீரியம் 2022 செப்டெம்பர் 15 ஆம் திகதி அகழும் முறையையே கைவிட்டது. அதற்கென்று வாங்கிய இலட்சக்கணக்கான அட்டைகள் ஒரே நாளில் வேலையிழந்தன. 2021 இறுதியில் வந்த காஸ்பா அட்டைகளால் அகழப்பட்டது. 2023 இல் அதற்கும் ஏசிக் வந்து அட்டைக்காரர்களை ஒதுக்கிவிட்டது. எனவே அகழ்தல் நின்ற மறுநாளும் வீட்டில் வேறு வேலைக்கு உதவுமா என்பதே அட்டைக்கு நான் வைக்கும் முதல் சோதனை. படம் தொகுக்க, வடிவமைக்க உதவும் அட்டை அதில் தேறும். ஏசிக் தேறாது. அது ஒரு பூட்டை மட்டுமே திருகும் கை.

கிடைத்த நாணயத்தை ரூபாவாக்குவது இன்னொரு சிக்கல். இலங்கை மத்திய வங்கி 2022 இல் விடுத்த அறிவித்தலில், நாணயம் அகழும் செயற்பாடுகளுக்கோ பரிமாற்றகங்களுக்கோ தான் அனுமதி வழங்கவில்லை என்றும், கடன் அட்டை, பற்று அட்டை மூலம் இவற்றுக்குப் பணம் செலுத்த முடியாது என்றும் சொன்னது. 'வன்பொருளே வேண்டாம், ஆட்களைச் சேர்த்தால் போதும், கைத்தொலைபேசியே அகழும்' என்று யாராவது சொன்னால் அது அகழ்தலே அல்ல. பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின்படி குற்றம். சேர்த்துவிடுபவரும் அதில் அகப்படுவார்.

இன்னொன்றையும் மறக்க முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மெழுகுவர்த்தியில் படித்த நாட்கள் அவை. அப்படியொரு நாளில் அகழும் இயந்திரம் வெறும் இரும்புப் பெட்டி.

ஒரு வாரச் சோதனையில் நானாவுக்கு அந்தப் புதிய நாணயம் கொஞ்சம் சேரத்தான் செய்தது. விற்கப் பார்த்தார், அதை வாங்கும் பரிமாற்றகம் ஒன்றும் இன்னும் இருக்கவில்லை. மின்மானியைத் திருப்பிக் கொடுத்தோம். இரண்டு அட்டைப் பேச்சு அத்தோடு நின்றது. இருந்த அட்டையில் இப்போது கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு படப்பிடிப்பாளருக்குத் திருமண வீடியோக்கள் தொகுத்துக் கொடுக்கிறார். உம்மாவின் சீட்டுக்காசு இந்தத் தவணை என் கற்கைக்கட்டணமாகப் போனது.