பெரிய காலேஜ் பெயர் யாருக்குக் கைகொடுக்கிறது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் ஒடுகத்தூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான்: எந்த காலேஜ்? அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு விடியலில் போய் நிற்பவர். அப்பாவுக்கு மலையடிவாரத்தில் துண்டு நிலம். பிள்ளைதான் வீட்டின் முதல் பட்டதாரி. வேலூரில் வி.ஐ.டி. இருக்கிறது, பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கடன்பட்டாவது பெயர் பெற்ற இடத்தில் சேர்ப்பதா, கிடைக்கிற இடம் போதுமா?

ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெரிய கல்லூரியில் படித்தவர்கள் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், சரி. ஆனால் அந்தக் கல்லூரி நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத்தானே பொறுக்கி எடுக்கிறது? பொறுக்கிய விதைநெல் விளைந்ததற்கு வயலை மட்டும் புகழ முடியுமா? அதனால் 1976-ல் கல்லூரியில் சேர்ந்தவர்களில், ஒரே தரத்துக் கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களை மட்டும் ஒப்பிட்டார்கள். சிலர் பெரிய கல்லூரிக்குப் போனவர்கள், சிலர் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். சுமார் 20 ஆண்டுகளுக்குப் பிறகு இரு தரப்பின் வருமானமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

2002-ல் வெளியான அந்த ஆய்வைப் பலர் இதோடு நிறுத்திவிட்டு, ‘காலேஜ் எதுவானால் என்ன’ என்று சொல்லிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அதன் மறுபாதி. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி நிஜமாகவே கைகொடுத்திருந்தது. பெற்றோர் அதிகம் படிக்காத பிள்ளைகளுக்கும் அப்படியே என்று டேல், குரூகரின் அடுத்த ஆய்வு காட்டியது.

இதில் வியப்பில்லை. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு எங்கே வேலை, யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் சாப்பிடும்போதே காதில் விழுந்துவிடும். ஒடுகத்தூர்ப் பிள்ளைக்கு அதைச் சொல்ல சித்தப்பா இல்லை, மாமா இல்லை. சீனியர்களும் கூடப் படிப்பவர்களும் கேம்பஸ் இன்டர்வியூவும்தான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

முதலில் சேர்ந்த கல்லூரியே முடிவு என்றும் ஆகிவிடாது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்தார். பாலிடெக்னிக்கில் டிப்ளமா, பிறகு சென்னையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, அதன்பின் திருச்சி என்.ஐ.டி., கடைசியில் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். ஒவ்வொரு படியிலும் அடுத்த வாசலைத் தேடிப் போயிருக்கிறார்.

இனி பணம். கவுன்சலிங்கில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இவை இல்லை. கல்விக் கடனில் தவணை படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகுதான். ஆனால் வட்டி மானியம் கிடைக்காதவர்களுக்குப் பணம் கைக்கு வந்த நாள் முதல் வட்டி ஓடும். மெரிட்டிலோ உதவித்தொகையிலோ கிடைத்தால் எவ்வளவு தூரமானாலும் பெரிய கல்லூரிக்கு அனுப்புங்கள். நிலத்தை விற்று நன்கொடை கட்டி வாங்கும் இடம் வேண்டாம் என்பேன்.

கல்லூரி பேனரில் பெரிய எழுத்தில் இருக்கும் சம்பளம் யாரோ ஒருவருக்குக் கிடைத்தது. தேசியத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் விவரத்தில் எத்தனை பேருக்கு வேலை, நடுவில் நிற்பவரின் சம்பளம் எவ்வளவு என்பதும் இருக்கும். அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதைத் தேடிப் படியுங்கள், தேடத் தெரியாவிட்டால் பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள்.

என்னை வருத்துவது இன்னொன்று. கிண்டி பொறியியல் கல்லூரிக்குப் போகும் அளவுக்கு மார்க் வைத்திருக்கும் பெண்ணிடம், “பஸ்ல போயிட்டு வர்ற காலேஜா போட்டுடும்மா” என்று சொல்லிவிடுகிறோம். விருப்பப் பட்டியலில் கிண்டியை முதலில் எழுதவிடுங்கள். அங்கே பெண்களுக்கு விடுதி இருக்கிறது. 7.5 சதவீதத்தில் சேர்ந்தால் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.